அந்தப் பையனின் பெயர் மாக்ஸ்

போன வருஷம் ஒரு நாள் மதியம் அக்கா மகனின் பள்ளியிலிருந்து போன் வந்தது. அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை, நான் போனேன். வகுப்பில் அடிதடி. பெஞ்சில் இடம் பிடிப்பதில் ஆரம்பித்திருக்கிறது. இவன் ஓங்கிக் குத்தியதில் இன்னொரு பையனுக்கு உதடு கிழிந்துவிட்டது. தப்பு இவன் மேல்தான். அந்தப் பையனின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டோம், மருந்துச் செலவைக் கொடுத்தேன், மூன்று நாள் வகுப்புக்கு வர வேண்டாம் என்றதையும் ஏற்றுக்கொண்டோம். அதில் எதிலும் எனக்கு மனக்குறை இல்லை. கிளம்பும்போது வகுப்பாசிரியர் வராந்தா வரைக்கும் கூட வந்து, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "அப்பா இல்லாத பையன் சார். வீட்ல கொஞ்சம் கவனமா பார்த்துக்குங்க. எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும்." அக்கறையில் சொன்னதுதான். ஆனால் நாலடி தள்ளி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் நின்றிருந்தான். பதினைந்து வயது. சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது.

வண்டியில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் வாயைத் திறந்தான். "மாமா, எந்த வில்லனுக்கும் அப்பா இருக்க மாட்டாரு. கவனிச்சிருக்கீங்களா?" காமிக்ஸில் ஊறியவன் அவன். விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான். டாக்டர் டூமின் அப்பா மகன் சிறுவனாக இருக்கும்போதே செத்துப்போகிறார். லோக்கியைப் பெற்றவன் போரில் செத்தவன். மேக்னெட்டோவின் குடும்பமே நாஜிகள் கையில் போய்விட்டது. "அப்ப சார் சொன்னது கரெக்ட்தானே?" என்று கேட்டான். கேட்ட விதத்தில் கோபம் இல்லை. கணக்குப் பாடத்தில் விடை சரியா என்று கேட்பதைப் போலத்தான் கேட்டான். எனக்கு அப்போது சொல்ல ஒன்றும் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியால்தான்.

ஃபிளாஷ்பேக் போடும் கணக்கு

வில்லனுக்கு ஃபிளாஷ்பேக் வைப்பது இப்போது கிட்டத்தட்ட விதியாகிவிட்டது. ஏன் இப்படி ஆனான் என்று காட்டினால்தான் கதைக்கு ஆழம் என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்து வளர்ந்தேன். நம்மூரில் 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியை எங்கள் வீட்டில் நாயகனாகத்தான் தெரியும். அந்த மாயாவியான லூயிஸ் கிராண்டேல், 1962-இல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் முதலில் வந்தபோது கொள்ளையடித்துத் திரிந்த வில்லன். அதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அப்போது அதற்குப் பெரிய காரணம் எதையும் யாரும் தேடவில்லை. ஆய்வுக்கூடத்தில் விபத்து, கண்ணுக்குத் தெரியாமல் மறையும் சக்தி, கெட்டுப்போனான், அவ்வளவுதான். இப்போது அதே கதையை எழுதினால் அவன் பள்ளிப் பருவத்துக்குப் போய், யார் அவனை அடித்தார்கள், யார் கைவிட்டார்கள் என்று ஐந்து இதழ் எழுதுவார்கள்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஃபிளாஷ்பேக் எப்போதும் முடிவைத் தெரிந்துகொண்டு பின்னாலிருந்து எழுதப்படுவது. வில்லனான பிறகு அவன் பால்யத்துக்குப் போகிறோம். அங்கே ஒரு அடி, ஒரு சாவு, ஒரு அவமானம் கிடைக்கிறது. அதை எடுத்து, இதனால்தான் அது என்று முடிச்சுப் போடுகிறோம். அதே அடியை வாங்கி, அதே சாவைப் பார்த்து, வில்லனாகாமல் போன ஆயிரம் பேரைப் பற்றி யாரும் கதை எழுதுவதில்லை. அதனால் படிக்கிறவர் மனதில் முடிச்சு மட்டும் தங்கிவிடுகிறது. கதையில் இருக்கும்வரை அதனால் பெரிய கேடு இல்லை. அதே முடிச்சை எடுத்துக்கொண்டுபோய் ஒரு பதினைந்து வயதுப் பையன் கழுத்தில் முன்கூட்டியே மாட்டும்போதுதான் எனக்கு மூச்சு முட்டுகிறது.

அவன் எண்ணிய பட்டியலில் மேக்னெட்டோதான் என்னை விடவில்லை. டூமுக்கும் லோக்கிக்கும் நடந்தது கற்பனை நாட்டில். மேக்னெட்டோவுக்கு நடந்ததாகச் சொல்லப்படுவது நிஜத்தில், நிஜ மனிதர்களுக்கு நடந்தது. அவன் வில்லனானதற்கு நாஜிகளின் வதைமுகாமான ஆஷ்விட்ஸ்தான் காரணம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டால், அங்கிருந்து உயிரோடு வந்த மனிதர்களைப் பற்றி நாம் என்ன சொல்கிறோம்?

கை நின்ற இடம்

மேக்னெட்டோவை எதிர்த்து நிற்கும் நாயகர் கூட்டம் எக்ஸ்-மென். வீட்டில் பழைய எக்ஸ்-மென் தொகுப்புகள் இருந்தன. அந்த மூன்று நாள் லீவில் அவன் தூங்கிய பிறகு எடுத்துப் படித்தேன். மேக்னெட்டோ 1963-இல், எக்ஸ்-மென் முதல் இதழிலேயே வருகிறான். உருவாக்கிய ஸ்டான் லீ, ஜாக் கிர்பி இருவருமே யூதர்கள். கிர்பி அமெரிக்கப் படையில் பிரான்சுக்குப் போய் நாஜிகளோடு சண்டை போட்டவர். ஆனாலும் அவர்கள் படைத்த மேக்னெட்டோவுக்குப் பால்யமே கிடையாது. சிவப்புத் தலைக்கவசம், உலகத்தை ஆளும் வெறி, இரும்பை ஆட்டி வைக்கும் சக்தி, இவ்வளவுதான் அவன். பதினெட்டு வருஷம் அப்படியே ஓடியது.

ஆஷ்விட்ஸ் அவன் கதைக்குள் வந்தது 1981-இல், க்ரிஸ் க்ளேர்மான்ட் எழுதிய 150-ஆவது இதழில். உலக நாடுகள் அணு ஆயுதங்களைக் கீழே போட வேண்டும் என்று மேக்னெட்டோ மிரட்டுகிறான். தன்னைத் தாக்க வந்த சோவியத் நீர்மூழ்கிக் கப்பலை ஆட்களோடு மூழ்கடிக்கிறான். எக்ஸ்-மென்னில் இருப்பவர்களிலேயே சின்னவள் கிட்டி ப்ரைட். சுவருக்குள் புகுந்து போகும் சக்தி கொண்ட யூதப் பெண், வயது பதின்மூன்று. அவள் அவனுடைய கணினியைப் பாழாக்குகிறாள். ஆத்திரத்தில் அவளை அடித்து வீழ்த்துகிறான். கிட்டே போய்ப் பார்க்கிறான். குழந்தை. செத்துவிட்டாள் என்று நினைத்து அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு உடைந்துபோகிறான். அப்போதுதான் முதன்முதலாகச் சொல்கிறான், தன் பால்யம் ஆஷ்விட்ஸில் கழிந்தது என்று. தன் குடும்பத்தைச் சாவுக்கு ஓட்டிக்கொண்டு போனவர்களைப் போலவே தானும் ஆகிவிட்டதை அந்த நிமிஷத்தில் உணர்கிறான். சண்டையை அத்தோடு விட்டுவிட்டுப் போகிறான். கிட்டி பிழைத்துக்கொள்கிறாள்.

இதை முன்பும் படித்திருக்கிறேன். அன்று ராத்திரி படித்தபோதுதான் உறைத்தது. அவன் ஏன் வில்லனானான் என்று விளக்குவதற்காக ஆஷ்விட்ஸ் அங்கே வரவில்லை. அந்தக் கடந்த காலம் கதைக்குள் முதன்முதலில் நுழைந்ததே அவன் கையைப் பிடித்து நிறுத்தத்தான். பிற்பாடு வந்தவர்களும், 2000-இல் வதைமுகாம் வாசலில் தொடங்கிய எக்ஸ்-மென் படமும், அந்தப் படத்தை வைத்துப் பேசிய நாமும் சேர்ந்து அதை வில்லத்தனத்துக்கான காரணமாகத் திருப்பிப் போட்டுவிட்டோம். எழுதியவர் வைத்த இடத்தில் அது அவனுக்குள் மிச்சமிருந்த மனிதத்தன்மை. விளக்கை அணைக்காமல் ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து இதழ்களில் ஒரு பையன்

மறுநாள் 'மேக்னெட்டோ டெஸ்டமென்ட்' தொகுப்பை அலமாரியிலிருந்து இறக்கினேன். 2008-இல் தொடங்கி 2009 வரை ஐந்து இதழ்களாக வந்தது. எழுதியவர் கிரெக் பாக், வரைந்தவர் கார்மினே டி ஜியான்டொமேனிகோ. அட்டையில் மேக்னெட்டோ என்ற பெயர் இருக்கிறது, கதைக்குள் அது இல்லை. பையனின் பெயர் மாக்ஸ் ஐசென்ஹார்ட். 1935, ஜெர்மனி. அப்பா ஜேக்கப் நகை செய்கிறவர். அம்மா, அக்கா, கூடவே சித்தப்பா எரிக். மாக்ஸ் ஈட்டி எறிவதில் கெட்டிக்காரன். பள்ளியில் துப்புரவு வேலை செய்யும் ஒரு ரோமா (ஜிப்சி என்று அழைக்கப்பட்ட இனம்) பெண்ணின் மகள் மக்தா. அவளுக்குத் தன் கையால் செய்த ஒரு சின்னச் சங்கிலியைக் கொடுக்கத் தவிக்கிறான். விளையாட்டில் ஜெயிக்கிறான், ஏமாற்றிவிட்டான் என்கிறார்கள், கடைசியில் பள்ளியை விட்டே துரத்துகிறார்கள். சித்தப்பா ஒரு ஜெர்மானியப் பெண்ணோடு பழகியதற்காகத் தெருவில் இழுத்துப்போட்டு அவமானப்படுத்தப்படுகிறார். அந்த வருஷம் செப்டம்பரில்தான் நியூரம்பர்க் சட்டங்கள் வந்தன. யூதரும் ஜெர்மானியரும் கலப்பது அதன்பிறகு சட்டப்படியே குற்றம்.

இந்தக் கதையில் என்னை மிகவும் படுத்தியவர் அப்பாதான். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகச் சண்டை போட்டுப் பதக்கம் வாங்கியவர். அந்தப் பதக்கம் தன்னையும் குடும்பத்தையும் காப்பாற்றும் என்று நம்புகிறார். அந்தப் போரில் ஏறத்தாழ 1,00,000 யூதர்கள் ஜெர்மன் படையில் இருந்தார்கள், 12,000 பேர் செத்தார்கள். ஜேக்கப்பின் நம்பிக்கை முட்டாள்தனம் அல்ல, நாட்டுக்கு உழைத்த மனிதன் வைக்கும் சாதாரண நம்பிக்கை. 1938 நவம்பரில் ஒரே இரவில் யூதர்களின் கடைகளும் தொழுகைக் கூடங்களும் நொறுக்கப்பட்ட பிறகு குடும்பம் போலந்துக்கு ஓடுகிறது. அடுத்த வருஷம் ஜெர்மன் படை அங்கேயும் வந்துவிடுகிறது. வார்சாவில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை மூன்றரைச் சதுர கிலோமீட்டர் கூட இல்லாத இடத்தில் சுவர் எழுப்பி அடைக்கிறார்கள். அங்கிருந்து தப்பப் பார்த்த குடும்பம் மாட்டிக்கொள்கிறது. எல்லோரையும் வரிசையாக நிறுத்திச் சுடுகிறார்கள். குழிக்குள் பிணங்களுக்கு நடுவிலிருந்து மாக்ஸ் மட்டும் உயிரோடு எழுகிறான்.

படிக்கிறவருக்கு இந்த இடத்தில் ஒரு எதிர்பார்ப்பு வரும். இப்போது சக்தி பொங்கும், துப்பாக்கிகள் வளையும், காவலர்கள் பறப்பார்கள். வருவதே இல்லை. குண்டு ஏன் அவன் மேல் படவில்லை என்று நாம் யோசிக்கலாம், ஈட்டி ஏன் அவ்வளவு தூரம் போனது என்று யோசிக்கலாம். கதை வாயைத் திறந்து சொல்வதில்லை. இதுதான் இந்த நூலின் பெரிய நேர்மை என்று நினைக்கிறேன். நிஜத்தில் அங்கே போன எந்தப் பையனுக்கும் அப்படி ஒரு சக்தி கிடைக்கவில்லை. இவனுக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்கள் சும்மா நின்று செத்தார்கள் என்று ஆகிவிடும்.

கண்ணாடிகள்

ஆஷ்விட்ஸில் மாக்ஸ் ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடிகளைப் பார்க்கும் ஒரு சித்திரம் இருக்கிறது. குவியல் குவியலாகக் கண்ணாடிகள், நடுவே சின்னதாக ஒரு பையன். அதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பக்கத்தைத் திருப்ப முடியாது. வட்டச் சட்டம், தடித்த கண்ணாடி, காது மாட்டி வளைந்தது, ஒரு பக்கம் உடைந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறது கண். ஒரு கண்ணாடி என்பது ஒருவரின் பார்வைக்கென்று அளவெடுத்துச் செய்தது, இன்னொருவருக்கு உதவாது. அதைக் கழற்றி வாங்கி வைக்கிறார்கள் என்றால் அந்த ஆளுக்கு இனி எதையும் பார்க்க வேண்டிய தேவை இருக்காது என்று முடிவு செய்தாயிற்று. ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் அந்தக் கண்ணாடிகள் 40 கிலோ இருக்கின்றன. 3,800 பெட்டிகளும் இருக்கின்றன, பலவற்றில் சொந்தக்காரர்களின் பெயர் எழுதியிருக்கிறது. திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பிப் பெயர் எழுதியவர்கள்.

மாக்ஸ் சோண்டர்கொமாண்டோவில் சேர்க்கப்படுகிறான். நச்சுவாயு அறையிலிருந்து பிணங்களை இழுத்து எரிகூடத்துக்குக் கொண்டுபோகும்படி கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகளுக்கு அந்தப் பெயர். அவர்களில் பெரும்பாலோரும் யூதர்கள். செய்ய மாட்டேன் என்றால் உடனே சாவு, செய்தால் சில மாதம் கழித்துச் சாவு. ஆஷ்விட்ஸிலேயே இருந்து மீண்ட ப்ரிமோ லெவி, இவர்களை எடைபோடும் உரிமை யாருக்கும் கிடையாது, முகாமை அனுபவித்தவர்களுக்குக்கூடக் கிடையாது என்று எழுதினார். வழக்கமான வில்லன் கதைக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. இங்கேதான் அவன் மனம் கல்லாயிற்று என்று முடிச்சுப் போட்டிருக்கலாம்.

மாக்ஸ் அங்கே செய்வது வேறு. கடிதம் எழுதுகிறான். தன் பெயரைச் சொல்லி, பார்த்ததைச் சொல்லி, இதைக் கண்டெடுப்பவர் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று கேட்டு, மண்ணில் புதைக்கிறான். டெஸ்டமென்ட் என்ற தலைப்பு அந்தச் சாட்சியத்தைத்தான் குறிக்கிறது. இது கிரெக் பாக்கின் கற்பனை மட்டும் அல்ல. சால்மென் கிராடோவ்ஸ்கி என்ற சோண்டர்கொமாண்டோ கைதி எழுதி, அலுமினியத் தண்ணீர்க் குடுவைக்குள் வைத்துப் புதைத்த குறிப்பேடு 1945 மார்ச்சில் எரிகூடத்துக்குப் பக்கத்தில் தோண்டி எடுக்கப்பட்டது. ஒவ்வோர் அங்குலமாகத் தேடுங்கள், இன்னும் நிறையப் புதைத்திருக்கிறோம் என்று கண்டெடுப்பவரிடம் கேட்டிருந்தார். கிரேக்க யூதரான மார்செல் நஜாரி தெர்மாஸ் குடுவையில் வைத்துப் புதைத்த தாள்கள் 1980-இல் கிடைத்தன. ஈரத்தில் ஊறி எழுத்து மங்கிப்போயிருந்தவை, இந்த நூற்றாண்டில்தான் கணினி உதவியோடு பெருமளவு படிக்கப்பட்டன.

1944 அக்டோபர் 7-இல் சோண்டர்கொமாண்டோ கைதிகள் கிளர்ந்து எழுந்தார்கள். நான்காம் எரிகூடம் தீப்பற்றியது. அதற்கான வெடிமருந்தை, ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண் கைதிகள் துளித்துளியாகக் கடத்திக் கொடுத்திருந்தார்கள். ரோசா ரொபோட்டா உட்பட நாலு பெண்களை அதற்காக 1945 ஜனவரி 6-இல் தூக்கிலிட்டார்கள். முகாம் விடுதலையானது ஜனவரி 27. இடையில் மூன்று வாரம். கிராடோவ்ஸ்கியும் அந்தக் கிளர்ச்சியில் செத்தார். கதையில் அதே நாளில் மாக்ஸ் மக்தாவோடு தப்புகிறான். அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஆகஸ்ட் 2 இரவில், முகாமில் மிச்சமிருந்த ரோமா மக்கள் 4,000-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். அதிலிருந்து மக்தாவை அவன் காப்பாற்றியிருந்தான். உலகத்தை ஆளப்போகிற வில்லனின் பதின்பருவத்தில் அவன் செய்த சாகசம் என்று நூல் காட்டுவது இவ்வளவுதான். ஒரு பெண்ணைக் காப்பாற்றினான், ஒரு கடிதம் எழுதினான்.

அவன் படித்தபோது

கொடுக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பதினைந்து வயதுக்குக் கனமான நூல்தான். ஆனால் தொகுப்பின் கடைசியில் வகுப்பில் பாடமாக நடத்துவதற்கென்றே ஓர் ஆசிரியர் கையேடு இருக்கிறது. சரி, நானும் பக்கத்தில் இருக்கிறேன் என்று கொடுத்தேன். ஒரே மூச்சில் படித்துவிட்டு வந்து கேட்டான், "மாமா, இதுல மேக்னெட்டோ எங்க?" ஏமாற்றமாகத்தான் கேட்டான். தலைக்கவசம் எப்போது வரும் என்று கடைசிப் பக்கம் வரைக்கும் காத்திருந்திருக்கிறான். இன்னும் வரவில்லை, அந்தப் பையன் இன்னும் அதுவாக ஆகவில்லை என்றேன். பிறகு 150-ஆவது இதழை எடுத்து, கிட்டியைத் தூக்கி வைத்திருக்கும் பக்கத்தைக் காட்டினேன். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

அப்புறம் ஐந்தாம் இதழின் இறுதியில் இருக்கும் சின்ன உண்மைக் கதையைப் படித்தோம். நீல் ஆடம்ஸும் ஜோ கூபர்ட்டும் வரைந்தது, டினா பாபிட்டைப் பற்றியது. செக் நாட்டு யூதப் பெண், ஓவியர். ஆஷ்விட்ஸில் குழந்தைகள் கொட்டடிச் சுவரில் அவர்களுக்காக ஸ்னோ ஒயிட் படம் வரைந்தார். அதைப் பார்த்த முகாமின் நாஜி மருத்துவன் மெங்கலே, புகைப்படத்தில் தோல் நிறம் சரியாக விழவில்லை என்று ரோமா கைதிகளின் முகங்களை வரைய அவரைப் பயன்படுத்திக்கொண்டான். அந்த வேலையால் அவரும் அவர் அம்மாவும் பிழைத்தார்கள். போருக்குப் பிறகு அவர் மணந்துகொண்ட ஆர்ட் பாபிட், டிஸ்னியின் ஸ்னோ ஒயிட்டில் பொல்லாத ராணிக்கு உயிர் கொடுத்த அனிமேட்டர். டினாவும் அமெரிக்காவில் அனிமேட்டராகவே வேலை பார்த்தார். தான் வரைந்த ஏழு ஓவியங்களைத் திருப்பித் தரும்படி அருங்காட்சியகத்திடம் பல வருஷம் கேட்டும் கிடைக்காமலேயே 2009-இல் இறந்தார். அந்த முகாம் வழியாக வந்த இன்னொரு இளம்வயது அது. அவன் முதலில் போட்ட பட்டியலில் அந்த அம்மாவுக்கு இடமே இல்லை.

அவன் டினாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து புரட்டிக்கொண்டிருந்தான். ஜேக்கப் வரும் ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினான்.

"மாக்ஸுக்கு அப்பா இருந்தாரு மாமா."

"ஆமா."

"நல்ல அப்பா. கடைசி வரைக்கும் கூடவே இருந்தாரு. அம்மா, அக்கா, சித்தப்பா எல்லாரும் இருந்தாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அவங்களையெல்லாம் கொன்னது வேற யாரோ" என்றான்.

எனக்கு இதற்கும் உடனே பதில் வரவில்லை. ஆனால் இந்த முறை அவன் பதில் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் மூன்று நாள் லீவு முடிந்து பள்ளிக்குப் போக வேண்டும். பைக்குள் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தான். உதடு கிழிந்த பையனுக்குத் தையல் போட்டார்களா, எத்தனை என்று கேட்டான். இரண்டு என்றேன்.